அடைப்பு நாட்கள்

திருப்பூர்,
20.7.2025

மதிப்பிற்குரிய ஓனரம்மா அவர்களுக்கு,

நேற்று வாடகை வாங்க வந்த ஆறுச்சாமி அண்ணன், பணத்தைப் பையில் வைத்த பிறகு, எங்கள் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தாள்களைக் கொத்தாகத் தூக்கி அடுத்த மாதத்தைப் பார்த்தார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். உங்கள் தோட்டத்து முருங்கைக்காய் மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு நேராக வருவதால் அவர் கையில் எப்போதும் செம்மண் இருக்கும். அவர் போன பிறகு நானும் தூக்கிப் பார்த்தேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதித் தாளில் ஒரு விரல் கறை இருந்தது, அவிட்டம் என்று போட்டிருந்தது. பதின்மூன்றாம் தேதித் தாளில் இன்னொன்று. அது ரேவதி.

வாசலில் நின்று அவர் அப்பாவிடம் மெல்லப் பேசியதும் காதில் விழுந்தது. "ஏனுங்க பாண்டித்துரை, அக்ரிமென்ட் தை வரைக்கும்தான் இருக்குது, இல்லைங்கலை. ஆனாலும் ஆவணியில ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துட்டா நல்லதுங்க." அப்பா, "ஏன், வாடகை ஒரு நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்டார். அண்ணன் உள்ளே அம்மாவின் கட்டிலைப் பார்த்தார்.

நான் பாண்டித்துரையின் மகள் வேல்விழி. மாசியில் அக்ரிமென்ட் போட வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றேனே, "பொண்ணு பேசாதா?" என்று கேட்டீர்களே, அந்தப் பெண். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். இருப்பது ஒரே அறையும் அதை ஒட்டிய சமையல்கட்டும். எங்கே நின்று பேசினாலும் அம்மாவுக்குக் கேட்கும். அது இல்லாவிட்டாலும் எனக்குப் போனில் குரல் வராது. பத்தாவதைப் பாதியில் நிறுத்தினாலும் எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கோயம்புத்தூரில் பார்த்தோம். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். இதுவரை நாங்கள் இருந்ததெல்லாம் பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ் உள்ள லைன் வீடுகள். உங்கள் வீட்டில்தான் பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழு அடி எடுத்து வைத்தால் அம்மா தானாகப் போய் வந்துவிடுவாள். "யார் கையையும் எதிர்பார்க்காம இருக்கேன்ல" என்று சொல்லிக்கொள்வாள்.

தை வரைக்கும் எங்களை இருக்க விடுங்கள். அதற்கு மேல் கேட்கமாட்டோம். அவ்வளவு நாள் ஆகாது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
வேல்விழி

*

மூலனூர்,
26.7.2025

கண்ணு வேல்விழிக்கு,

உன்ற கடுதாசி வேன்ல வந்த காலிச் சாக்குகளோட வந்து சேர்ந்துச்சு. ஆறுச்சாமியைப் பிடிச்சுத் திட்டிப்போட்டேன். காலண்டரைப் பாருன்னு நான் சொல்லி அனுப்பலை. ஆனா அவன் பாத்தது என்ற மனசுல கெடந்ததைத்தான். உன்ற கிட்ட எதுக்குப் பொய் சொல்லோணும்.

அவிட்டத்துல இருந்து ரேவதி முடிய அஞ்சு நாளைக்குள்ள ஒரு ஊட்டுல உசுரு போனா, அந்த ஊட்டுக்கு ஆறு மாசம் அடைப்பு. பூட்டித்தான் போடோணும். நல்ல காரியம் ஒண்ணும் அங்க நடக்காது. மாசா மாசம் அந்த அஞ்சு நாள் வருது. நீங்க வெளியூர்ல இருந்து பொழைக்க வந்தவங்க, உங்க பக்கத்துல இதைப் பாப்பாங்களோ என்னமோ, நாங்க பாக்கறவங்க.

என்ற ஊட்டுக்காரர் போனது ரேவதியில. வாசல் வழியாக் கொண்டுபோகக் கூடாதுன்னு பக்கத்துச் சுவத்தை இடிச்சு அந்த வழியா எடுத்துட்டுப் போனாங்க. நானும் என்ற மக ஜெயபாரதியும் ஆறு மாசம் தோட்டத்து ஓலைச் சாளையில கெடந்தோம். அவளுக்கு அப்பப் பேசி முடிச்சிருந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஒரு தாக்கல் தகவல் சொல்லாம வேற பக்கம் பொண்ணு பாத்துட்டாங்க. அவளுக்கு இப்ப இருபத்தொம்பது. ஏழு வருசம் கழிச்சு ஒரு எடம் கூடி வந்திருக்குது. மாப்பிள்ளைக்குத் திருப்பூர்லதான் பிரிண்டிங் பட்டறை. தையில கல்யாணம் முடிஞ்சதும் அவங்க குடியிருக்கப் போறது நீங்க இருக்கற ஊட்டுல. சம்மந்தியம்மா வந்து ஊட்டைப் பாத்துட்டே போயிட்டாங்க. "இதுல கெட்டது ஒண்ணும் நடந்ததில்லையே?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க.

உன்ற அம்மா போகோணும்னு நான் நினைக்கலை சாமி. என்ற மகளைத்தான் நினைக்கறேன். ஆடியில யாரையும் வெளிய போகச் சொல்ல மாட்டேன். ஆவணி பொறந்ததும் வேற ஊடு பாத்துக்குங்க. இன்னொண்ணு. நீங்களாகவே காலி பண்றதா உன்ற கையால ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துரு. நோயாளியை வெளிய தள்ளுனான்னு ஒரு பேச்சு எனக்கு வரக் கூடாது.

முருங்கைக்கீரை குடுத்தனுப்பறேன். சாறு வெச்சுக் குடு.

கண்ணம்மாள்

*

திருப்பூர்,
16.8.2025

ஓனரம்மா அவர்களுக்கு,

கீரை கிடைத்தது. அம்மா அரை டம்ளர் சாறு குடித்தாள்.

ஒன்பதாம் தேதியிலிருந்து பதின்மூன்று வரை நான் கட்டிலை விட்டு நகரவில்லை. பனியன் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வெட்டினேன். மூச்சு விடுகிறாளா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்டி, கொஸ்டின் பேப்பரைப் பாக்குற மாதிரி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டாள். பதினாலாம் தேதி காலையில் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அம்மா இருக்கிறாள் என்று சிரித்தேனா, உங்கள் வீடு தப்பியது என்று சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. 

வீடு பார்க்காமல் இல்லை. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வார லீவு அன்று மூன்று இடம் போனோம். ஆடியில் வீடு கேட்டு வந்தாலே ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஒருவர், "உங்க சைடு ஆளுங்களுக்கு வீடு குடுத்தா நல்லதுக்கும் கெட்டதுக்கும் நூறு பேரு வந்து எறங்கிருவீங்க" என்றார். அப்பா, "நூறு பேரு இருந்தா நாங்க ஏங்க இங்க வந்து சாயத்துல நிக்கிறோம்?" என்று கேட்டார். இன்னொரு அம்மா, "படுக்கையில யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பப் போகவில்லை.

நீங்கள் கேட்ட கடிதத்தை மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். "நாங்களாகவே" என்ற வார்த்தைக்கு மேல் போகவில்லை.

ஒரு யோசனை தோன்றியது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். கெட்டது அந்த ஐந்து நாள் மட்டும்தானே? மாதாமாதம் அந்த ஐந்து நாளும் அம்மாவை வெளியே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறோம். முடிந்ததும் கூட்டி வந்துவிடுகிறோம். அவிநாசிபாளையத்தில் அப்பாவின் கூட்டாளி ராசப்பன் மாமா பனியன் வேஸ்ட் குடோன் வைத்திருக்கிறார். அங்கே ஓர் ஓரம் தருவதாகச் சொன்னார். மற்ற நாளில் அம்மா உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். போவதும் அங்கேயே போகட்டும்.

வேல்விழி

*

மூலனூர்,
22.8.2025

கண்ணு,

உன்ற கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். இப்படி ஒரு யோசனை சொல்ற நெலமைக்கு ஒரு புள்ளையை ஆளாக்கிட்டனேன்னு இருந்துச்சு. ஆனா அதைப் படிச்சதும் மனசு லேசானதும் நெசம். சரின்னு சொல்லிப்போடறேன்.

அடுத்த அடைப்பு செப்டம்பர் ஆறுல இருந்து பத்து முடிய. ஆறாந்தேதி காலையிலயே கெளம்பீருங்க. பதினொண்ணாந்தேதி காலையில ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு. ஆறுச்சாமிகிட்ட வேனைக் குடுத்து அனுப்பறேன், போகவும் வரவும் அவனே பாத்துக்குவான். அம்மாகிட்ட வெள்ளையடிக்கறாங்கன்னு சொல்லிரு. வேற ஒண்ணும் காதுல போடாத.

நீயாக் காலி பண்றதா எழுதற அந்தக் கடுதாசி இப்ப வேண்டாம்.

கண்ணம்மாள்

*

திருப்பூர்,
15.9.2025

ஓனரம்மா அவர்களுக்கு,

அம்மா போய்விட்டாள் என்று ஆறுச்சாமி அண்ணன் சொல்லியிருப்பார். நடந்ததை நானும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

வெள்ளையடிக்கிறார்கள் என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம். "பண்டிகைகூட இல்ல, வெள்ளையடிக்குது பாரு, நல்ல மனுசி" என்றாள். வேனில் ஏற்றும்போது, "ஊதா வேணாம்னு சொல்லு, சந்தனக் கலர் அடிக்கச் சொல்லு" என்று ஆறுச்சாமி அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி நடந்துபோய் அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

குடோனில் மூட்டைகளை அடுக்கி மூன்று பக்கமும் மறைப்புச் செய்து, வேஸ்ட் துணியைப் பரப்பி மெத்தை மாதிரி போட்டுக் கொடுத்தார் ராசப்பன் மாமா. முதல் இரண்டு நாள் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். பக்கத்து மூட்டையில் கையை விட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து விரலால் தேய்த்து, "இது ரிப்புத் துணி. இது இண்டர்லாக். இந்த மடையன் காலரைக் கோணலா வெட்டியிருக்கான், அதான் வேஸ்ட்டுக்கு வந்திருக்கு" என்றாள். மாமாகூட, "மதினி, பேசாம இங்க வேலைக்குச் சேர்ந்துருங்க, தரம் பிரிக்க ஆள் இல்ல" என்றார். "சம்பளம் பத்தாதுண்ணே" என்று அம்மா சொன்னாள்.

அங்கே பாத்ரூம் இல்லை. குடோனுக்குப் பின்னால்தான் போக வேண்டும். நான் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்பேன். லோடு ஏற்ற வந்தவர்கள் ஒருநாள் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அம்மா தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். கொடுத்தால் உதட்டில் நனைத்துக்கொண்டு, "போதும்டி" என்பாள். ஏன் என்று எனக்குத் தெரியும். நானும் வற்புறுத்தவில்லை.

பத்தாம் தேதி சாயங்காலம் ஆறரை மணிக்கு மூச்சு நின்றது. அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அப்போதுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. மறுநாள் காலையில் குடோனிலிருந்தே மயானத்துக்கு எடுத்துப் போனோம். நம் தெரு முனையைத் தாண்டித்தான் வேன் போனது. நிற்கவில்லை.

உங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. கவலைப்படாமல் இருங்கள்.

வேல்விழி

*

மூலனூர்,
19.9.2025

கண்ணு வேல்விழி,

எழுதவே கை வரலை. ஆறுச்சாமி வந்து சொன்னதும் எங்க ஊட்டுக் காலண்டரை எடுத்துப் பாத்தேன். முன்னாடியே பாத்திருக்கோணும். உனக்குத் தேதி எழுதுனேன், மணியைப் பாக்கலை. பத்தாந்தேதி ரேவதி சாயங்காலம் நாலு மணிக்கே முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அசுவினி. அடைப்பே இல்லை. நாலு மணிக்குக் கெளம்பியிருந்தா அரை மணி நேரத்துல ஊட்டுக்கு வந்திருக்கலாம். உன்ற அம்மா அவங்க கட்டில்லயே போயிருக்கலாம். பதினொண்ணாந்தேதி காலையிலன்னு எழுதுனது நான். அந்தப் பாவம் என்ற மேலதான்.

மக பாரதிகிட்டச் சொன்னேன். "ஏம்மா, எனக்காகவா இதைப் பண்ணுனே?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. 

தை முடியற வரைக்கும் இருங்க. அதுக்கப்புறமும் இருங்க. கல்யாணம் ஆனவங்க வேற பக்கம் ஊடு பாத்துக்கட்டும்னு அவளே சொல்லிட்டா. இது பேச்சுக்குச் சொல்றது இல்லை.

கண்ணம்மாள்

*

திருப்பூர்,
28.9.2025

வீட்டு உரிமையாளர் திருமதி கண்ணம்மாள் அவர்களுக்கு,

பொருள்: வாடகை ஒப்பந்தத்தை முன்னதாக முடித்துக்கொள்வது.

நாங்கள் தங்கள் வீட்டில் பதினோரு மாத ஒப்பந்தத்தின் பேரில் குடியிருந்து வருகிறோம். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தாலும், நாங்களாகவே, எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், ஐப்பசி முதல் வாரத்தில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறோம். ஒப்பந்தப்படி இதையே எழுத்து மூலமான முன்னறிவிப்பாக ஏற்றுக்கொள்ளவும்.

பாண்டித்துரை (கைநாட்டு)
எழுதியவர்: பா. வேல்விழி

*

மூலனூர்,
4.10.2025

கண்ணு,

ஆபீஸுக்கு எழுதற மாதிரி எழுதியிருக்கறே. இருங்கன்னு சொன்ன பொறகும் ஏன் போறீங்க? என்ற மேல கோவம்னா திட்டியாவது எழுது. வாங்கிக்கறேன்.

கண்ணம்மாள்

*

திருப்பூர்,
26.10.2025

கண்ணம்மாள் அம்மாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் வேலை அதிகம். நான் இப்போது பனியன் செக்கிங் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. அந்தப் பாவம் உங்கள் மேல் என்று எழுதியிருந்தீர்கள். அதை உங்களிடம் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. ரேவதி நாலு மணிக்கு முடியும் என்று எனக்குத் தெரியும்.

ஆறாம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஐந்து நாளுக்குமான நட்சத்திரத்தையும் மணியையும் காலண்டரைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பத்தாம் தேதி மூன்றரைக்கே எடுத்துப் பார்த்தேன். நாலு மணிக்கு மேல் அம்மா, "வெள்ளை காஞ்சிருக்கும்ல? போலாமாடி?" என்று கேட்டாள். போன் என் கையில்தான் இருந்தது. உங்கள் நம்பரை எடுத்தேன். "நேரம் முடிஞ்சிருச்சுங்க, இப்பவே வரலாங்களா?" என்று கேட்டால் போதும். வாய்க்குள் பல தடவை சொல்லிப் பார்த்தேன். நீங்கள் காலையில் என்று எழுதியிருக்கிறீர்கள், இப்போது கேட்டால் என்ன நினைப்பீர்களோ, ஆறுச்சாமி அண்ணன் வேனோடு எங்கே இருக்கிறாரோ, நாளைக்குத்தானே என்று நினைத்தேன். நம்பரை அழுத்தவில்லை. ராசப்பன் மாமா பத்தடி தூரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. "காலையில போலாம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சரி என்று தலையை ஆட்டினாள். மறுபடி கேட்கவில்லை.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அதனால்தான் அந்த வீடு வேண்டாம் என்றேன். சாயங்காலம் நாலு மணி ஆனால் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. கட்டில் போட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டு, அன்றைக்கு இந்நேரம் இந்தக் கதவைத் திறந்திருக்கலாமே என்று நினைப்பேன். அப்பாவும் அந்தப் பக்கம் படுக்கவில்லை. சமையல்கட்டிலேயே பாயைப் போட்டுக்கொண்டார்.

பாரதி அக்கா அங்கேயே குடி வரட்டும். வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பாத்ரூம் சுவர் வரைக்கும் தேய்த்துவிட்டேன். சாவி ஆறுச்சாமி அண்ணனிடம் இருக்கிறது. உங்கள் சம்பந்தியம்மா மறுபடியும் கேட்டால், இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று சொல்லுங்கள். அது உண்மைதான்.

நேற்று முன்தினம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். லைன் வீடுதான், கம்பெனிக்கு நடந்தே போகலாம். இந்த வீட்டுக்காரம்மா பெயர் மாரக்காள், வயதானவர். அக்ரிமென்ட் தாளை மடியில் வைத்துக்கொண்டு, "எத்தனை பேரு குடியிருக்கப் போறீங்க?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேருங்க" என்று நான் சொன்னேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது போல. "என்ன கண்ணு?" என்று காதை நீட்டினார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

வேல்விழி